தட்டித்தான் போடுவேன்

மெஷின் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து மெஷின்கள் என்னிடம் பச்சைப் பொய்யாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. லைட் எரியும், உள்ளே ஒன்றும் ஓடாது. எல்லாம் சரி என்று திரையில் எழுதிக் காட்டும், ஆபீஸே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும். அதெல்லாம் பழகிப்போனது. ஆனால் ஒரு பொம்பளையின் பிழைப்பையும் பேரையும் சேர்த்துக் காவு வாங்கப் பார்த்த மெஷினை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதோடு நான் மல்லுக்கட்டிய கதை இது.

விருதுநகர் கடைத்தெருவில், ஒரு வத்தல் கமிஷன் கடைக்கு மேலே மாடியில் எனக்கு ஒரு ரூம். கீழே மூட்டையைப் பிரித்தால் மேலே நான் தும்முவேன். நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும் பார்த்துக்கொள்வதும் வேலை. மல்லாங்கிணறு தொடங்கி சிவகாசி வரைக்கும் ஸ்கூல், பருப்பு மில், அச்சாபீஸ், பட்டாசுக் கம்பெனி என்று ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

எங்கள் தொழிலில் ஸ்விட்ச் என்றால் சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. தட்டையாக ஒரு இரும்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாக ஓட்டைகள், போர்ட் என்போம், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஒயர். கம்ப்யூட்டரையும் கேமராவையும் ஒன்றோடொன்று பேச வைப்பது அதுதான். குழப்பம் வேண்டாம், நான் கடைசிவரைக்கும் பெட்டி என்றே சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு வகை உண்டு. கேமராவுக்குத் தனியாகக் கரண்ட் இழுக்க வேண்டாம். படம் வருகிற அதே ஒயரில் பெட்டியே கரண்டையும் அனுப்பிவிடும். அது அனுப்பாவிட்டால் கேமரா குருடு.

பெட்டிக்குள் ஒரு சாப்ட்வேர் ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது அதற்கு அப்டேட் விடுவார்கள். கூடவே ரிலீஸ் நோட்ஸ் என்று ஒரு குறிப்பு வரும். இதையெல்லாம் சரிசெய்துவிட்டோம், இன்னின்ன குறைகள் இருப்பது எங்களுக்கே தெரியும், இன்னும் சரியாகவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். நான் எப்போதும் அந்தத் தெரிந்த குறைகளைத்தான் முதலில் படிப்பேன். பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அந்த மாதிரி.

சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு நான்தான் கேமரா போட்டேன். வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ரூமுக்குள் கரண்டே கிடையாது. கம்பம் நட்டு, அதில் கேமரா. பெட்டியும் ரெக்கார்டரும் கேட்டை ஒட்டிய ஆபீஸில். முதலாளி டவுனில் உட்கார்ந்தபடி போனிலேயே எல்லா ரூமையும் பார்த்துக்கொள்வார். உள்ளே வேலை செய்கிற யாரிடமும் போன் இருக்காது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அங்கே போர்மேன் ஒரு அக்கா. பொம்பளையாக இருந்தாலும் பதவிக்குப் பேர் போர்மேன்தான். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு விசில். திரி வெட்டுகிற வேலைக்கு வந்தவர், ட்ரெயினிங் போய்ப் பரீட்சை எழுதி, சர்ட்டிபிகேட் வாங்கி, அந்தக் கம்பெனியில் போர்மேன் ஆன முதல் பொம்பளை. அவர் குரல் கொடுத்தால் கடைசி ரூமில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் மதியம் முதலாளி போன் பண்ணினார். "ஏம்மா, கம்பெனிக்கு ஒடனே வா." குரலே சரியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் வாசலில் நின்று அக்காவைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம். வேலை செய்கிற பொம்பளைகள் பூராப் பேரும் தூக்குச்சட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. மேகம் கருத்தா மட்டும் கேமரா குருடாகுது. மழ விட்டு மெயினப் போட்ட பொறகும் சாயங்காலம் வரைக்கும் குருடுதான். மறுநா காலைல பாத்தா ஜம்முனு ஓடுது. மழயில்லாத நாள்ல ஒரு தொந்தரவும் இல்ல. ஆள் கை படாம இது நடக்குமா?"

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மேற்கே மலைப்பக்கம் கருத்தாலே போர்மேன் விசில் அடித்துவிடுவார். அத்தனை பேரும் போட்டது போட்டபடி ரூமை விட்டு வெளியே வந்து, கேட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிற்க வேண்டும். மெயினை இறக்கிவிடுவார்கள். ஆபீஸ், தண்ணி மோட்டார், கேமரா எல்லாம் செத்துவிடும். பேட்டரியில் ஓடுகிறதும் கூடாது. இடி ஓய்கிற வரைக்கும் ஒருத்தரும் பட்டாசு மருந்தைத் தொட மாட்டார்கள். தீபாவளி சீசனில் அப்படிப் போகிற நேரம் போனதுதான். அதை ஈடுகட்ட, மழை விட்ட பிறகு ஒரு ரூமில் அனுமதித்ததற்கு மேல் ஆளை உட்கார வைத்து வேலை வாங்குகிற பாவிகளும் உண்டு. ரூமுக்கு இத்தனை பேர்தான் என்று வாசலிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். அதை மீறினால் ஒரு பொறிக்கு எத்தனை பேர் போவார்கள் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா கேமராவை நிறுத்திவிட்டு அதைத்தான் செய்கிறார் என்பது முதலாளியின் முடிவு.

"மெஷின் என்ன சொல்லுதுன்னு பாரு" என்றார். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். எல்லாப் போர்ட்டும் சரி, கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது என்று பதிவாகியிருந்தது. கேமரா குருடாக இருந்த நேரத்திலும் அதையேதான் சொன்னது. அதைப் படித்துச் சொன்னதும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"பாத்தியா! மெஷின் நல்லாத்தான் இருக்கு. இவதான் ஒயரப் புடுங்கி விட்டிருக்கா. மெஷின் பொய் சொல்லுமா?"

"நான் கேமராவத் தொட்டதே இல்ல மொதலாளி" என்றார் அக்கா. "ஒரு ரூம்ல ஒரு ஆள கூட வச்சிருந்தேன்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்."

"இன்னொரு தடவ குருடாச்சு, நீ கெளம்பிக்கோ. எதுக்குக் கெளப்பிவிட்டேன்னு நாலு கம்பெனிக்கும் சொல்லிருவேன்."

அப்படி ஒரு பேர் வந்தால் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்? சர்ட்டிபிகேட்டை வைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான். கேட்டுவரைக்கும் என்னோடு நடந்து வந்த அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. "வேலய விட்டு எடுத்தா எடுக்கட்டும் தாயி. அந்தப் புள்ளைக காதுபட, நான் அவுகள நெருப்புல தள்ளுறவன்னு சொல்லிட்டாக பாத்தியா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது, முதலாளி மேல் கொஞ்சம், அந்தப் பெட்டி மேல் நிறைய. ஏனென்றால் அக்கா பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் பொய் சொல்வது பெட்டிதான். விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

மாடிக்கு வந்ததும் ரிலீஸ் நோட்ஸைத்தான் எடுத்தேன். புதிதாக வந்திருந்த அப்டேட்டின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. கரண்ட் போய் வந்த பிறகு சில சமயம் போர்ட்டில் மின்சாரம் போகாது, ஆனால் போவதாகக் காட்டும், இந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடேயப்பா, இவ்வளவு சுலபமா! மறுநாளே போய் அப்டேட்டைப் போட்டேன். முதலாளியிடம் போனில் அந்த வரியைத் தமிழில் படித்தும் காட்டினேன். "சரி, பாப்போம்" என்றார்.

அதற்கடுத்து வந்த முதல் மேகத்துக்கே கேமரா குருடாகிவிட்டது.

"நீதான மெஷின சரி பண்ணிட்டேன்ன?" என்றார் முதலாளி போனில். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இப்ப மெஷின்லயும் குத்தமில்ல. வேற யாரு மேல குத்தம்?" நல்லது செய்யப் போய் அக்காவின் கழுத்தில் சுருக்கை இறுக்கியது போல ஆகிவிட்டது. நான் கெஞ்சினேன், வேறு வழியில்லை. "அண்ணாச்சி, தீபாவளி லோடு போற வரைக்கும் பொறுங்க. நான் கண்டுபிடிச்சுத் தாரேன். அக்கா கை படலைன்னு காட்டுறேன்." சீசன் நடுவில் வேறு போர்மேன் கிடைக்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும். "கடைசி லோடு ஏறட்டும், பேசிக்கிருவோம்" என்று வைத்துவிட்டார்.

அதே மாடல் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. மேஜையில் வைத்து நாலைந்து கேமராவை மாட்டினேன். பிளக்கைப் பிடுங்குவேன், கொஞ்சம் பொறுத்து மாட்டுவேன். கேமரா சமர்த்தாக வந்துவிடும். மறுபடி பிடுங்குவேன், மறுபடி வரும். ஒரு தடவையாவது ஏமாற்றுமா என்று பார்த்தால், எனக்கென்று வைராக்கியமாக ஒழுங்காக வேலை செய்தது. கீழே வத்தல் கடை பாய் மாடிப்படியில் நின்று, "என்னம்மா, காலைல இருந்து பிளக்கோட சண்ட போடுறீக?" என்று கேட்டார். நான் பிளக்கை மறுபடி பிடுங்கினேன்.

பெட்டி செய்த கம்பெனியின் உதவி நம்பருக்குப் போன் போட்டேன். தேன் தடவிய குரலில் ஒரு தம்பி பேசினார். "மேடம், எங்க லேபில் அந்தப் பிரச்சினை வரலை. நீங்க சொல்ற குறை லேட்டஸ்ட் வெர்ஷன்ல பிக்ஸ் ஆயிடுச்சு."

"பிக்ஸ் ஆகல தம்பி. அங்கன குருடாயிருச்சு."

"உங்க இடத்திலயாவது வருதா மேடம்?"

"வரல."

"அப்ப சைட்லதான் ஏதோ பிரச்சினை மேடம்."

சைட்டில் பிரச்சினை என்றால் என்ன அர்த்தம்? அக்கா என்று அர்த்தம். போனை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணி குடித்தேன். பெட்டி இங்கே பொய் சொல்லவில்லை, அங்கேதான் சொல்கிறது. அப்படியானால் அங்கே போய் உட்கார வேண்டியதுதான்.

மேகம் கூப்பிட்டால் வருமா? மதியத்துக்கு மேல் மற்ற வேலையைப் போட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் போய் உட்காருவேன். மலைப்பக்கம் கருக்கும், காற்றடிக்கும், கலைந்துவிடும். இங்கே மழை வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முறுக்கு விற்கிற ஆளுக்கும் வாட்ச்மேனுக்கும் நான் வேடிக்கை ஆகிவிட்டேன்.

கடைசியில் ஒரு நாள் வந்தது. அக்கா விசில் அடித்தார். ரூம் ரூமாகப் பொம்பளைகள் இறங்கி வந்து கொட்டகையில் நின்றார்கள். அக்கா ஒவ்வொரு ரூமையும் எட்டிப் பார்த்து, கடைசி ஆளும் வந்தாயிற்று என்று தெரிந்த பிறகு வந்து மெயினை இறக்கினார். இடி இடித்தது, நல்ல மழை பெய்தது, விட்டது. நான் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா ஒயர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மெயின் போர்டு பக்கம் போனார். கைப்பிடியை மேலே தள்ளினார், தள்ளின வேகத்திலேயே கீழே இழுத்தார். சும்மா ஒரு தட்டு. கம்பங்களை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மறுபடி மேலே தள்ளி, போட்டுவிட்டார்.

"அக்கா, இப்ப என்ன செஞ்சீக?"

"மெயினப் போட்டேன்."

"அதுக்கு முந்தி?"

"அதுவா? தட்டிப் பாத்தேன். மழ பெஞ்சிருக்குல்ல. எங்கனயாவது ஒயரு நனஞ்சு கெடந்தா தட்டுல தெரிஞ்சுரும். அதுக்கப்பறந்தான போடணும்?" இதைப் போய்க் கேட்கிறாயே என்பது போல என்னைப் பார்த்தார்.

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டிலும் மழை விட்டால் தட்டித்தான் போடுவோம். கீழே வத்தல் கடையிலும் அப்படித்தான். இந்தப் பக்கத்தில் கரண்ட் இருக்கிற எந்த வீட்டில்தான் தட்டாமல் போடுகிறார்கள்? அதனால்தான் யாரும் அதைச் சொல்லவும் இல்லை, எனக்குக் கேட்கத் தோன்றவும் இல்லை. ஆபீஸுக்குள் ஓடினேன். பெட்டியில் வரிசையாகப் பச்சை லைட். திரையில் ஒரு கேமராவும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நடந்தது இதுதான். அந்த ஒரு தட்டில் பெட்டிக்கு உயிர் வந்து, கண் திறப்பதற்குள் போய்விடுகிறது. மறுபடி கரண்ட் வரும்போது மற்றதெல்லாம் எழுந்துவிடும், கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதி மட்டும் பாதியில் மாட்டிக்கொள்ளும். ஆனால் எழுந்துவிட்டதாகவே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் கம்பெனி பூட்டும்போது மெயினை இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் ஒயர் காய்ந்திருக்கும், வாட்ச்மேன் தட்டாமல் நேராகப் போடுவார். கேமரா வந்துவிடும். மேஜையில் நான் மாட்டியதெல்லாம் அந்தக் காலை நேரத்து மாட்டல். மாடிக்கு ஓடி வந்து பிளக்கை மாட்டி, உருவி, மாட்டினேன். முதல் தட்டிலேயே என் கேமராவும் குருடு. அதைப் போனில் படம் பிடித்து அந்தத் தேன் குரல் தம்பிக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "மேடம், இப்படி யாரு மேடம் செய்வாங்க?"

"எங்க ஜில்லாவுல எல்லாரும் செய்வோம்."

அவர் சிரிக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். தெரிந்த குறைகளில் சேர்த்துக்கொள்கிறோம், இப்போதைக்குத் தீர்வு, கரண்ட்டை அப்படி விட்டு விட்டுக் கொடுக்காமல் இருப்பது.

எனக்கு அது போதும் என்று நினைத்தேன். முதலாளியைக் கம்பெனிக்கு வரச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே காட்டினேன். அக்காவை நேராகப் போடச் சொன்னேன், கேமரா வந்தது. தட்டிப் போடச் சொன்னேன், போனது. முதலாளி மீண்டும் ஒரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். தாடையைத் தடவினார். நான் அக்காவைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

"ஆகமொத்தம் இவ கைதான காரணம்?" என்றார். "சரி, போகட்டும். இனிமே தட்ட வேணாம். நேராப் போடு. முடிஞ்சது சோலி."

அக்கா அசையவில்லை. "தட்டித்தான் போடுவேன் மொதலாளி."

"என்னது?"

"அந்தப் புள்ளைக வெளிய நிக்கும்போதே தெரிஞ்சுக்கிறணும், எங்கன ஒயரு நனஞ்சிருக்குன்னு. மோட்டார் பக்கத்துக் கம்பத்துல ஒருக்கத் தட்டும்போதே பொகஞ்சுச்சு. நேராப் போட்டிருந்தா என்னாயிருக்கும்? கேமராவுக்காகத் தட்டாமப் போட என்னால ஆகாது. அப்படிப் போடணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. பிழைக்க ஒரு வழி திறந்திருக்கிறது, இந்தப் பொம்பளை அதையும் தானே இழுத்துச் சாத்துகிறாளே என்று எனக்கும் ஒரு நிமிஷம் பதறியது. அப்புறம் வெட்கமாக இருந்தது. பெட்டியின் குறைக்கு அக்காவின் கை ஏன் மாற வேண்டும்? "அண்ணாச்சி, அக்கா தட்டட்டும்" என்றேன். "பெட்டிய நான் மாத்தித் தாரேன்."

"புதுசா வாங்கவா? போன வருசம் வாங்குனதும்மா."

"வாங்க வேணாம். உள்ள இருக்கிற சாப்ட்வேர மாத்த வச்சுத் தாரேன்." அந்தத் தட்டு பெட்டிவரைக்கும் போகாதபடி இடையில் ஒரு டைமர் வைக்கலாம் என்றும் யோசித்தேன். லைசென்ஸ் இடத்தில் மெயின் போர்டில் ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும், அது வருவதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். அதோடு எனக்குப் பிடிவாதமும் ஏறியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தத் தம்பிக்குப் போன். "மேடம், இது யூசேஜ் பிரச்சினை மேடம்." "இல்ல தம்பி, கரண்ட் போகலைன்னா போகலைன்னு சொல்லணும். போகுதுன்னு சொல்லக் கூடாது. உங்க பெட்டி பொய் சொல்லுது." "மேலே எஸ்கலேட் பண்ணிருக்கேன் மேடம்." "அந்த மேலே இருக்கிறவுக நம்பரைக் குடுங்க." ஒரு நாள் பொறுக்க முடியாமல் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். இடி, மருந்து, கொட்டகையில் நிற்கிற பொம்பளைகள், அக்காவின் பேர். கேட்டு முடித்ததும் தம்பி, "அந்தத் தட்டு எப்படின்னு மறுபடி காட்டுங்க மேடம்" என்றார். வீடியோவில் காட்டினேன். அவர் தன் லேபில் உட்கார்ந்து அதே மாதிரி தட்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் அவராகவே போன் பண்ணி, பிள்ளை பிறந்த சேதி சொல்கிற மாதிரி, "வந்துடுச்சு மேடம்! இங்கயும் போயிடுச்சு!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அவரும் என் கட்சி.

அப்டேட் வந்தபோது கடைசி லோடு ஏறுகிற நேரம் நெருங்கிவிட்டது. மேஜையில் வைத்து நீளத் தட்டு, குட்டித் தட்டு, ரெட்டைத் தட்டு என்று ஆசை தீரத் தட்டினேன். கேமரா ஒவ்வொரு தடவையும் வந்தது. ரிலீஸ் நோட்ஸில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. மிகக் குறுகிய மின்தடைக்குப் பின் போர்ட்டுகளில் மின்சாரம் திரும்பாத குறை சரிசெய்யப்பட்டது. சரிசெய்யப்பட்டது என்று போன தடவையும்தான் எழுதியிருந்தார்கள். அதனால் அக்காவிடம் நான் எந்தச் சத்தியமும் பண்ணவில்லை. போய்ப் போட்டுவிட்டு, மேகத்துக்காக உட்கார்ந்தேன்.

அன்றைக்கே வந்தது. லாரி கேட்டுக்கு வெளியே நின்றது, லோடு பாதி ஏறியிருந்தது, முதலாளியும் வந்திருந்தார். அக்கா விசில் அடித்தார். ஏற்றுகிறவர்களும் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்கள். முதலாளியும் அங்கேதான் போய் நின்றார். மெயின் இறங்கியது.

மழை விட்டது. முதலாளி ஆபீஸுக்குள் வந்து திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெயின் போர்டு வாசலுக்கு வெளியே, அக்கா எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். குருடானால் இன்றோடு சரி என்று அவருக்குத் தெரியும். நேராகப் போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, தட்டாமல் போட்டுவிட்டுத் தட்டினேன் என்றும் சொல்லலாம். தட்டினார். கம்பம் கம்பமாகப் பார்த்தார். அப்புறம் போட்டார். போட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏலே, வாங்க, அவுகவுக ரூமுக்குப் போங்க!" என்று கத்திக்கொண்டே பொம்பளைகளோடு போய்விட்டார்.

திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி எழுந்திருக்க நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மாதாவே மாதாவே என்று அக்காவின் சாமியை நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டம் வெளுத்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மளமளவென்று எல்லாம் வந்துவிட்டது.

மழை விட்ட பிறகு அந்தக் கம்பெனி எப்படி இருக்கும் என்று முதலாளி முதல் தடவையாகப் பார்த்தார். லோடு பாக்கி இருக்கிற அவசரம் எல்லோருக்கும். பொம்பளைகள் வேகவேகமாக நடக்கிறார்கள். ஒவ்வொரு ரூம் வாசலிலும் அக்கா நிற்கிறார், உள்ளே போகிற தலையை எண்ணுகிறார், அடுத்த வாசலுக்குப் போகிறார். ஒருத்தி, பக்கத்து ரூம் கூட்டாளியோடு உட்கார ஆசைப்பட்டாளோ என்னவோ, நிறைந்த ரூமுக்குள் காலை வைத்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் ஏதோ கெஞ்சுகிறாள். அக்கா வாசலில் பெயிண்டில் எழுதியிருப்பதைக் காட்டித் திட்டி, அவளை அவள் ரூமில் கொண்டுபோய் விட்டார். முதலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுத்தான் அக்கா ஆபீஸ் வாசலுக்கு வந்தார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "கேமரா வந்துச்சா தாயி?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் முதலாளி எழுந்துவிட்டார். "வந்துருச்சும்மா. எல்லாம் பாத்தேன். நாந்தான் தப்பாப் பேசிட்டேன்."

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "அத இங்கன வச்சு என்கிட்டச் சொன்னாப் போதுமா மொதலாளி? அன்னைக்கு அந்தப் புள்ளைக முன்னாடி வச்சுல்ல பேசுனீக."

முதலாளி, ரூம் பக்கம் போகிறவர்கள் செய்கிற மாதிரி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார், சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து மேஜையில் வைத்தார், அக்காவுக்குப் பின்னால் நடந்தார்.

அந்தக் கேமராக்களில் சத்தம் வராது. மரத்தடியில் அக்கா விசில் ஊதி எல்லோரையும் வெளியே கூப்பிட்டது தெரிந்தது. பொம்பளைகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். முதலாளி பேசினார், ரொம்ப நேரம் இல்லை. பேசி முடித்ததும் ஒருத்தி அக்காவின் தோளில் கை போட்டாள், அக்கா முகத்தை மூடிக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பை மூட மறந்து நின்றிருந்தேன்.